அப்பாவோட இடது கைக்குத் தெரிஞ்ச பாஸ்வேர்டு

அந்த வரியை நான் படிச்சேன். படிக்காம அமுக்கிட்டேன்னு சொன்னா மனசு கொஞ்சம் லேசாகும், ஆனா படிச்சேன். 2019 அக்டோபர் 16ஆம் தேதி ராத்திரி, ஆஸ்பத்திரில இருந்து அப்பாவுக்கு வேட்டியும் போர்வையும் எடுக்கலாம்னு வீட்டுக்கு வந்தவ, அவரோட கம்ப்யூட்டரை ஆன் பண்ணி உக்காந்தேன். 20ஆம் தேதிக்குள்ள நாற்பது கடைக்கு ஜிஎஸ்டி 3பி ரிட்டன் போடணும், காலைல இருந்து போன் மேல போன். அப்பா லாகின் பாஸ்வேர்டு அவரைத் தவிர யாருக்கும் தெரியாது, அவராலயோ பேச முடியாது. காலேஜ் படிக்கும்போது நான் எனக்குன்னு போட்டு வச்ச பழைய யூசர் ஒண்ணு அதுல அப்படியே இருந்துச்சு, அட்மினா வேற இருந்துச்சு. அதுல போய், கன்ட்ரோல் பேனல் திறந்து, அப்பா பேரைத் தொட்டு, பாஸ்வேர்டை மாத்துன்னு குடுத்தேன். அப்பதான் அந்த வரி வந்துச்சு. இப்படி மாத்தினா இந்த யூசரோட என்க்ரிப்ட் பண்ணிப் பூட்டின ஃபைல், பர்சனல் சர்ட்டிபிகேட், சேமிச்சு வச்ச பாஸ்வேர்டு எல்லாம் போயிரும்னு அது சொன்னதோட சாரம்.

சர்ட்டிபிகேட்னு பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது பீரோ மேல இருக்க பச்சைக் கலர் ஃபைல். நமக்கெல்லாம் சர்ட்டிபிகேட்னா காகிதம்தானே, ஜாதிச் சான்றிதழ், டிசி, மார்க் ஷீட், லேமினேஷன் போட்டு வைக்கிறது. அது கம்ப்யூட்டர்ல இருந்து எப்படிப் போகும்? சேமிச்ச பாஸ்வேர்டு போனா போகட்டும், ஓடிபி வச்சு ஒண்ணொண்ணா மாத்திக்கலாம். என்க்ரிப்ட் ஃபைலா, அப்பா அதெல்லாம் எங்க பண்ணப் போறாரு. இவ்வளவும் ஒரு நாலு செகண்ட்ல மனசுல ஓடிச்சு, ஓகே குடுத்துட்டேன். புது பாஸ்வேர்டு போட்டு அவரோட டெஸ்க்டாப்புக்குள்ள போனேன். வால்பேப்பர்ல எங்க குலசாமி கோயில், மானிட்டர் ஓரத்துல ஒன்பது நாள் முன்னாடி ஆயுத பூஜைக்கு அவரே வச்ச சந்தனம் காஞ்சு போய் ஒட்டிட்டு இருந்துச்சு.

கணக்குன்னு ஒரு ஃபோல்டர். உள்ள இருந்த எல்லா ஃபைல் பேரும் பச்சை எழுத்துல. ஒண்ணைத் திறந்தேன், அனுமதி இல்லைன்னு வந்துச்சு. இன்னொண்ணு. அதே. அட்மின்ல இருந்து திறந்தேன், அதே. பச்சை எழுத்தைப் பார்த்ததும் ஒண்ணு ஞாபகம் வந்து வயித்துக்குள்ள என்னமோ பண்ணுச்சு, அந்த ஃபோல்டரைப் பூட்டச் சொல்லிக் குடுத்ததே நான்தான்.

பச்சை எழுத்து

அப்பா ஸ்ரீவில்லிபுத்தூர்ல டாக்ஸ் பிராக்டிஷனர். சேல்ஸ் டாக்ஸ் காலத்துல இருந்து, வாட் வந்து போய், ஜிஎஸ்டி வரைக்கும் அதே மேஜை. சத்திரப்பட்டி பக்கம் பேண்டேஜ் துணி நெய்யுற தறிக்காரங்க, ரெண்டு மூணு மில்லு, மிச்சமெல்லாம் பலசரக்கு, ஹார்டுவேர், உரக்கடை. 2016ல ஆபீஸ்ல வேலைக்கு இருந்த ஒரு பையன் ஒரு கடையோட கொள்முதல் கணக்கைப் போட்டிக் கடைக்காரருக்குக் காட்டிட்டான். பெரிய சண்டையெல்லாம் ஆகல, ஆனா அப்பா ரெண்டு நாள் சரியா சாப்பிடல. ஒருத்தர் கணக்கு இன்னொருத்தர் கண்ணுல பட்டா அப்புறம் நான் எதுக்கு இந்த நாற்காலில உக்காரணும்னு அம்மாகிட்ட சொல்லிட்டே இருந்தாராம். எனக்கு போன் போட்டு, பாப்பா, இதைப் பூட்டி வைக்க வழி இருக்கான்னு கேட்டாரு. விண்டோஸ் 7 ப்ரொஃபஷனல்தான் இருந்துச்சு, அதுலயே ஈஎஃப்எஸ்னு ஒரு வசதி உண்டு. ரைட் க்ளிக் பண்ணுங்கப்பா, ப்ராப்பர்ட்டீஸ் போங்க, அட்வான்ஸ்டு போங்க, கடைசி டப்பாவுல டிக் போடுங்கன்னு போன்லயே சொன்னேன். பச்சையா மாறிருச்சு பாப்பான்னு சந்தோஷமா சொன்னாரு. கொஞ்ச நேரத்துல மறுபடி போன். கீழ மூலைல என்னமோ சாவின்னு வருது, பேக்கப் எடுன்னு சொல்லுதுன்னாரு. நான் ஆபீஸ்ல இருந்தேன், கூட்டத்துக்கு நேரமாச்சு. அதெல்லாம் வேணாம்ப்பா, மூடிருங்கன்னு சொன்னேன்.

அந்த ரெண்டு வார்த்தைக்கு என்ன விலைன்னு மூணு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது.

உள்ள என்ன நடக்குதுன்னு அப்புறம் ஒரு வாரம் உக்காந்து படிச்சேன். நான் நினைச்சிருந்தது, லாகின் பாஸ்வேர்டு வாசக்கதவுப் பூட்டு மாதிரி, சாவி தொலைஞ்சா ஆளைக் கூட்டிட்டு வந்து உடைச்சு வேற பூட்டுப் போட்டுக்கலாம், உள்ள இருக்க சாமான் அப்படியே இருக்கும்னு. அப்படி இல்லை. ஈஎஃப்எஸ்ல பூட்டினதும் விண்டோஸ் அந்த யூசருக்குன்னு ஒரு சர்ட்டிபிகேட்டும் அதுக்கு ஜோடியா ஒரு ரகசியச் சாவியும் உருவாக்குது. ஃபைலைத் திறக்குறது அந்தச் சாவி. அந்தச் சாவியை வெறுமனே வைக்காம இன்னொரு பெட்டிக்குள்ள வைக்குது, அந்தப் பெட்டியைப் பூட்டுறது லாகின் பாஸ்வேர்டுல இருந்தே கணக்குப் போட்டு எடுத்த ஒண்ணு. டிபிஏபிஐன்னு பேரு. குரோம் மாதிரி பிரவுசர்ல சேமிச்ச பாஸ்வேர்டும் இதே பெட்டிக்குள்ளதான். அந்த யூசரே பழைய பாஸ்வேர்டைக் குடுத்து, புதுசை வச்சு மாத்தினா விண்டோஸ் பெட்டியையும் கூடவே மாத்திப் பூட்டிரும். வெளிய இருந்து அட்மின் வந்து ரீசெட் பண்ணினா பழைய பாஸ்வேர்டு என்னன்னே அதுக்குத் தெரியாதே, எதை வச்சுத் திறக்கும்? வாசக்கதவு புதுப் பூட்டோட திறந்துரும், பெட்டி பழைய பாஸ்வேர்டுக்காக அப்படியே காத்துட்டு இருக்கும். இது விண்டோஸோட கோளாறு கிடையாது. கம்ப்யூட்டரைத் திருடிட்டுப் போறவனும் இதே ரீசெட்டைத்தானே பண்ணுவான். அவனைத் தடுக்கிறதுக்காக வச்ச சுவர் அது, அன்னைக்கு நான் நின்னது அவன் நிக்குற இடத்துல.

20ஆம் தேதி ரிட்டனை எப்படியோ ஒப்பேத்தினோம். பாதிப் பேருக்கு அவங்க மொபைலுக்கே ஓடிபி போச்சு, மீதிப் பேருக்கு அப்பா நம்பரையே குடுத்து வச்சிருந்ததால அவரோட சிம்மை என் போன்ல போட்டு, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஒவ்வொரு கடைக்கா பாஸ்வேர்டு மாத்தினேன். சில பேருக்கு லேட் ஆகி ஒரு நாளைக்கு அம்பது ரூபாய்னு கட்ட வேண்டி வந்துச்சு, அதை நான் கட்டினேன். இங்க ஒண்ணு நல்லாவே புரிஞ்சது. பாஸ்வேர்டு தொலைஞ்சா அதைக் குடுத்தவங்க இன்னொண்ணு குடுப்பாங்க, கொஞ்சம் அலைச்சல், அவ்வளவுதான். சாவி தொலைஞ்சா அதை இன்னொரு தடவை குடுக்க யாரும் கிடையாது. அந்தப் பச்சை ஃபைலுக்குள்ள 2017-18 வருடாந்திர ரிட்டனுக்கு அப்பா ரெண்டு வருஷமா ஒவ்வொரு பில்லா ஒப்பிட்டு வச்ச கணக்கு இருந்துச்சு. அதுக்குக் கடைசித் தேதி அப்போ நவம்பர் 30. அது எந்த ஓடிபிக்கும் வராது.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு கம்ப்யூட்டர் கடைல காட்டினோம். அந்தத் தம்பி தங்கமான பையன், ஆஸ்பத்திரிக்கே வந்து அப்பாவைப் பார்த்துட்டுப் போனான். ஆனா, ஒண்ணும் பண்ண முடியாதுக்கா, ஃபார்மட் போட்டு ஃப்ரெஷ்ஷா ஏத்திரலாம், ஃபைலை எல்லாம் ஹார்டு டிஸ்க்குல காப்பி எடுத்துக்கலாம்னான். நான் சரின்னு சொல்லியே இருப்பேன். அம்மாதான், அவரு வந்து பார்க்கட்டும், அதுவரைக்கும் தொடாதீங்கன்னு ஒரே பிடியா நின்னாங்க. அவங்களுக்கு என்க்ரிப்ஷன் தெரியாது, அவரோட மேஜையை அவரு இல்லாம கலைக்கக் கூடாது, அவ்வளவுதான். ஃபார்மட் போட்டிருந்தா அந்தச் சாவிப் பெட்டியே அழிஞ்சிருக்கும், கதை அங்கயே முடிஞ்சிருக்கும். அப்புறம் என் கூட வேலை செய்யுற ஒருத்தர் எல்லாத்தையும் கேட்டுட்டு, பழைய பாஸ்வேர்டு எழுத்துப் பிசகாமத் தெரிஞ்சா அதையே திரும்ப வச்சு லாகின் பண்ணிப் பாரு, பெட்டி திறந்துரும்னு சொன்னாரு. மைக்ரோசாஃப்ட்டும் அதையேதான் எழுதி வச்சிருக்காங்க. சரி, பழைய பாஸ்வேர்டு. அது ஒரே ஒரு தலைக்குள்ள இருந்துச்சு.

இடது கை

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் மூளையோட இடது பக்கம். வலது கை, வலது கால் போச்சு, பேச்சும் போச்சு. பேசுறது புரியும், பதில் சொல்ல வாய் எடுத்தா வர்றது ஒரே வார்த்தை, இந்தா. தண்ணி வேணும்னாலும் இந்தா, வேணாம்னாலும் இந்தா. எழுதச் சொன்னா இடது கையால கோடு கோடா இழுத்துட்டு பேனாவை வச்சுருவாரு, கண்ணு கலங்கிரும். வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து நாலு நாள் நான் பாஸ்வேர்டைப் பத்தி வாயே திறக்கல. எங்கயாவது எழுதி வச்சிருக்காரான்னு டைரி, காலண்டர், ரசீது புக்கு, பூஜை அலமாரி எல்லாம் தேடியாச்சு. ஊர்க்காரங்க வேற, ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கலாம்லனு ஆளாளுக்கு. எங்கயும் எழுதாதீங்கன்னு அவருக்குச் சொன்னதும் நான்தான்னு யார்கிட்ட சொல்ல?

அஞ்சாவது நாள் சாயங்காலம் அவரே சைகை காட்டினாரு, கம்ப்யூட்டர் பக்கம். நாற்காலியை அணைச்சு உக்கார வச்சோம். ஸ்க்ரீன்ல லாகின் கட்டம் வந்ததும் இடது கை தானா எந்திரிச்சு கீபோர்டு மேல வந்து நின்னுச்சு, ஏ எஸ் டி எஃப்ல, ஒவ்வொரு விரலும் அதது இடத்துல. அப்பா டைப்ரைட்டிங்ல ஹையர் பாஸ் பண்ணவரு, தமிழ், இங்கிலீஷ் ரெண்டும். கீபோர்டைக் குனிஞ்சு பார்த்து அவரு அடிச்சு நான் பார்த்ததில்லை. அவசரமா நோட்பேடைத் திறந்து வச்சுட்டு, அப்பா அடிங்கன்னேன். மோதிர விரல் மேல போய் டபிள்யூ. சுண்டு விரல் ஏ. ஆட்காட்டி விரல் டி, உடனே பக்கத்துல ஆர். திரும்ப ஏ. அப்புறம் நின்னுச்சு. இடது கை காத்துட்டு இருக்கு, வலது தோள் மட்டும் லேசா ஆடுது. ரெண்டு செகண்ட். திரும்ப இடது கை எந்திரிச்சு ரெண்டு. ஒரு இடைவெளி. நாலு. ஒண்ணு. என்டர் வலது கைக்கு உள்ளது, அது வரல. கையை மடில வச்சுட்டு என்னைப் பார்த்தாரு.

டபிள்யூ, ஏ, டி, ஆர், ஏ. நான் மண்டையைப் போட்டுக் குடைஞ்சுட்டு இருக்கேன், பின்னாடி நின்ன அம்மா வாசிச்சுட்டு, வத்றாப்புன்னாங்க. அவங்க பொறந்த ஊரு. கடைசி எழுத்து பி, அது வலது சுண்டு விரலுக்கு உள்ளது. அந்த நம்பரும் அம்மாவுக்குத்தான் தெரியும், கல்யாணமான புதுசுல வாங்கின சுவேகா வண்டி, அதுல பின்னாடி உக்காந்து பத்து வருஷம் போயிருக்காங்க. ரெண்டு, எட்டு, நாலு, ஒண்ணு. எட்டு வலது கை. அப்பா இந்தா இந்தான்னு தலையை ஆட்டினாரு. அம்மா முந்தானையை வாய்ல வச்சுட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க.

அட்மின்ல போய் அதையே பாஸ்வேர்டா வச்சு, லாக் ஆஃப் பண்ணி, அப்பா பேர்ல நுழைஞ்சு ஃபோல்டரைத் திறந்தேன். அனுமதி இல்லை. எனக்குக் கை வேர்த்துருச்சு. எண்ணை முன்னால போட்டேன், நடுவுல புள்ளி போட்டேன், ஊர் பேரை வேற ஸ்பெல்லிங்ல போட்டேன், ஒவ்வொண்ணுக்கும் லாக் ஆஃப், லாகின், ஃபோல்டர், அனுமதி இல்லை. எட்டோ ஒன்பதோ தடவை. அப்பா பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் பார்த்துட்டே இருக்காரு, ஒவ்வொரு தடவையும் இல்லைன்னு தலையாட்டுறாரு, எது இல்லைன்னு சொல்ல வழியில்லை. மறுபடி அடிச்சுக் காட்டச் சொன்னேன். இந்தத் தடவை நான் இடது கையைப் பார்க்கல, அவரோட வலது தோளைப் பார்த்தேன். டபிள்யூ அடிக்கிறதுக்கு முன்னாடியே அந்தத் தோள் ஒரு தடவை அசைஞ்சது. முதல் எழுத்துக்கு வலது பக்கம் என்ன வேலைன்னு யோசிச்சதும் பொறி தட்டுச்சு. நானும் லோயர் படிச்சிருக்கேன், பழைய ஃபேசிட் மெஷின்ல. இடது கை எழுத்தைப் பெருசா அடிக்கணும்னா ஷிஃப்டை அமுக்குறது வலது சுண்டு விரல். அவரு மனசுல பெரிய டபிள்யூதான் அடிச்சிருக்காரு. விரல் வராததால ஸ்க்ரீன்ல சின்ன டபிள்யூவா விழுந்திருக்கு, நான் ஸ்க்ரீனை நம்பிட்டேன்.

பெரிய டபிள்யூ போட்டு வச்சேன். லாக் ஆஃப், லாகின். முதல் ஃபைலைத் தொட்டேன், எக்ஸெல் ஒரு தடவை மினுங்கி, சத்திரப்பட்டிக்காரர் ஒருத்தரோட 2017 ஜூலை மாசத்துப் பில்லுங்க வரிசையா வந்து நின்னுச்சு. அப்பா இடது கையால மேஜையை ரெண்டு தட்டுத் தட்டினாரு.

அதுக்கப்புறம்

அன்னைக்கு ராத்திரியே முதல் வேலையா அந்தச் சர்ட்டிபிகேட்டைத் தேடிப் போனேன். ரன் பாக்ஸ்ல சர்ட் எம்ஜிஆர் டாட் எம்எஸ்சி அடிச்சா ஒரு ஜன்னல் திறக்கும், பர்சனல்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள அப்பா பேர்ல ஒத்தை வரி. நோக்கம்: என்க்ரிப்டிங் ஃபைல் சிஸ்டம். காலாவதி: 2116. விண்டோஸ் தானே போட்டுக்குற இந்தச் சர்ட்டிபிகேட்டுக்கு நூறு வருஷ ஆயுசு குடுக்குது. நூறு வருஷம் செல்லுற சாவி, மனுஷனோட ஒரு ரத்தக் குழாயில அடைப்பு வந்ததும் செல்லாமப் போயிருச்சு. அதை ரகசியச் சாவியோட சேர்த்து எக்ஸ்போர்ட் பண்ணி, பிஎஃப்எக்ஸ் ஃபைலா, தனியா ஒரு பாஸ்வேர்டு போட்டு ரெண்டு பென்டிரைவ்ல எடுத்தேன். மொத்தம் மூணு நிமிஷ வேலை. 2016ல அந்த மூலைல வந்து நின்ன செய்தி கேட்டது இதைத்தான்.

அதே ஜன்னல்ல நம்பிக்கைக்குரிய ரூட்னு இன்னொரு பட்டியல் இருக்கு, ஒரு வெப்சைட் நிஜமானதுதான்னு சர்ட்டிபிகேட் குடுக்குறவங்க, நாம யாருன்னே அறியாத பேருங்க, நம்ம சார்பா கம்ப்யூட்டர் நம்புறவங்க. டிஜிட்டல் சர்ட்டிபிகேட் குடுக்குறவங்களை மேற்பார்க்குற நம்ம அரசாங்கத்தோட சிசிஏவும் 2014ல அதுல இருந்துச்சு. அந்த வருஷம் ஜூலைல அந்தச் சிசிஏவுக்குக் கீழ இருந்த, அரசாங்கத்தோட கம்ப்யூட்டர் வேலையைப் பார்க்குற என்ஐசில இருந்து கூகுள் தளங்களோட பேர்லயே அங்கீகாரம் இல்லாத சர்ட்டிபிகேட்டுங்க வெளிய வந்து, கூகுள் கண்டுபிடிச்சு, சிசிஏ என்ஐசியோட சர்ட்டிபிகேட்டுங்களை ரத்து பண்ணி, அப்புறம் குரோம் அந்த ரூட்டை ஜிஓவி டாட் இன், என்ஐசி டாட் இன் மாதிரி சில முகவரிகளோட நிறுத்திருச்சு. விண்டோஸோட பட்டியல்ல சிசிஏ இருந்ததால விண்டோஸ்காரங்களுக்குத்தான் ஆபத்து, ஃபயர்பாக்ஸ் தனக்குன்னு வேற பட்டியல் வச்சிருந்ததால தப்பிச்சது. இதைப் படிச்ச பிறகு, இந்த ரூட் சர்ட்டிபிகேட்டை ஏத்திக்கோன்னு ஏதாவது சாஃப்ட்வேர் கேட்டா நான் எந்திரிச்சு ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு வந்துதான் பதில் சொல்றேன்.

மேஜை டிராயர்ல மூணு யுஎஸ்பி டோக்கன் கிடந்துச்சு, மில்லுக்காரங்களோட டிஜிட்டல் சிக்னேச்சர். ஒவ்வொண்ணு மேலயும் வெள்ளை டேப் ஒட்டி, அதுல பின் நம்பர் அப்பா கையெழுத்துல. நியாயமா கையெழுத்துப் போடுற சாவி டோக்கனுக்குள்ள இருக்க சில்லை விட்டு வெளிய வரவே வராது, பின்னைத் திரும்பத் திரும்பத் தப்பா அடிச்சா பூட்டிக்கும், அவ்வளவு பத்திரம். அதை எல்லாம் அந்த டேப்பு ஒண்ணுமில்லாம ஆக்கிருச்சு. அப்பா மேல எனக்கு எவ்வளவோ மரியாதை இருக்கு, ஆனா இது தப்பு. அது அவங்க கையெழுத்து. தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல 42ஆவது பிரிவே சாவியைத் தன் கட்டுப்பாட்டுல வச்சுக்கிறது சொந்தக்காரரோட பொறுப்புன்னு சொல்லுது. திருப்பிக் குடுக்கப் போனா ஒருத்தர், நீயே வச்சுக்கோ பாப்பா, சார் வீட்டுல இருந்தா பேங்க்ல இருக்க மாதிரின்னாரு. அண்ணாச்சி, வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போவீங்களான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு சட்டைப் பைல போட்டுக்கிட்டாரு.

எங்கயும் எழுதாதேன்னு இப்போ நான் யாருக்கும் சொல்றதில்லை. மானிட்டர்ல ஒட்டாதே, போன்ல போட்டோவா வைக்காதே, வாட்ஸ்அப்ல அனுப்பாதே, இது மூணும் சொல்றேன். ஆனா எங்கயோ உக்காந்து திருடுறவனால நம்ம வீட்டு பீரோவைத் திறக்க முடியாது, பீரோவைத் திறக்குற திருடனுக்கு நகைதான் வேணும். என்னோட எல்லாப் பாஸ்வேர்டும் கீபாஸ்னு பாஸ்வேர்டைப் பூட்டி வைக்கிற சாஃப்ட்வேர்ல ஒரே ஃபைலா இருக்கு, அதைத் திறக்குற ஒத்தை வாக்கியமும் கம்ப்யூட்டர் லாகினும் ஒரு காகிதத்துல எழுதி, ஒட்டின கவர்ல, பிஎஃப்எக்ஸ் இருக்க பென்டிரைவோட பீரோ உள்ளறைல இருக்கு. இன்னொரு கவர் தங்கச்சி வீட்டுல. இது பாதுகாப்பு குறைவுன்னு ஆபீஸ்ல என்கிட்ட வாதாடுறவங்க இருக்காங்க. எனக்குப் பதில் ஒண்ணுதான், நான் நாளைக்கு எந்திரிக்கலைன்னா உன் வழில யாரு திறப்பா? அதுக்குப் பதில் சொல்லிட்டு மேல பேசட்டும்.

கவரை எழுதி வச்சா மட்டும் போதாது, அதை ஒருத்தர் திறந்து பார்த்திருக்கணும். அதனால வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மொத நாள், நான் ஒண்ணும் சொல்லாம உக்காந்துருவேன், அம்மா கவரைப் பிரிச்சு, கம்ப்யூட்டரைத் திறந்து, கீபாஸைத் திறந்து, கரன்ட் பில்லு வரைக்கும் கட்டிக் காட்டணும். முத வருஷம் முக்கால் மணி நேரம் ஆச்சு. போன வருஷம் பத்து நிமிஷம். பெரிய எழுத்து வர்ற இடத்துல மட்டும் இப்பவும் இடது கையாலயே ரெண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கப் பார்த்து விரல் பின்னிக்கும். பக்கத்து நாற்காலில இருந்து அப்பா இந்தா, இந்தான்னு சத்தம் போடுவாரு. அப்புறம் பொறுக்காம இடது கையை நீட்டி, அம்மாவோட வலது சுண்டு விரலைப் பிடிச்சு, அது இருக்க வேண்டிய இடத்துல வச்சு விடுவாரு.